ஒரே இடம், வேறு எடை: ஐசோடோப்புகள் எதில் ஒன்று, எதில் வேறு?

1911-ல் மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்துக்கு ஜார்ஜ் டி ஹெவெசி என்ற இளம் ஹங்கேரிய வேதியியலாளர் வந்து சேர்ந்தார். அந்த ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான கிலோ ஈயம் கிடந்தது. யுரேனியத் தாதுவிலிருந்து ரேடியம் எடுத்த பிறகு மிஞ்சியது அது. அந்த ஈயத்துக்குள் 'ரேடியம் டி' என்று அப்போது அழைக்கப்பட்ட கதிரியக்கப் பொருள் ஒன்று கலந்திருந்தது. ரதர்ஃபோர்டுக்கு ரேடியம் டி வேண்டும், ஈயம் வேண்டாம். இரண்டையும் பிரித்துத் தரும் வேலையை ஹெவெசியிடம் ஒப்படைத்தார்.

ஹெவெசி கரைத்துப் பார்த்தார், வீழ்படிவாக்கிப் பார்த்தார், திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பார்த்தார். அன்றைக்கு வேதியியலாளர்கள் கையில் இருந்த எல்லா உத்திகளையும் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைத்தும் ஒரு துளிகூடப் பிரியவில்லை. ஈயம் எங்கே போனதோ, ரேடியம் டி-யும் அங்கேயே போனது. பிரியாததற்குக் காரணம் இன்று நமக்குத் தெரியும்: ரேடியம் டி என்பது ஈயமேதான். ஈயம்-210 என்ற ஐசோடோப்பு, அதாவது எடை மட்டும் வேறுபட்ட ஈய அணு.

இந்தத் தோல்வியைத்தான் ஹெவெசி கருவியாக்கிக்கொண்டார். எந்த வழியிலும் பிரிக்க முடியாது என்றால், வேண்டுமென்றே கலந்துவிடலாமே? கதிரியக்க ஈயத்தைக் கொஞ்சம் சாதாரண ஈயத்தோடு கலந்தால், அந்த ஈயம் போகும் இடமெல்லாம் கதிர்வீச்சு காட்டிக்கொடுக்கும். 1913-ல் வியன்னாவில் ஃபிரிட்ஸ் பானெத்துடன் சேர்ந்து, நீரில் மிகமிகக் கொஞ்சமே கரையும் ஈய உப்புகளின் கரைதிறனை இப்படித்தான் அளந்தார். பத்து ஆண்டு கழித்து, செடியின் வேர் உறிஞ்சிய ஈயம் தண்டுக்கும் இலைக்கும் போவதை இதே முறையில் தொடர்ந்து பார்த்தார். இன்று மருத்துவமனைகளில் அணு மருத்துவம் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதன் வேர் அந்த ஈயக் குவியலில்தான் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹெவெசிக்கு இதற்காகவே வழங்கப்பட்டது.

பெயர் வந்த கதையும் அதே காலத்தது. கதிரியக்கத்தை ஆராய்ந்தவர்கள் புதிது புதிதாகப் பொருள்களைக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். தனிம வரிசை அட்டவணையில் அத்தனைக்கும் இடம் இல்லை. பிரிக்கவே முடியாதவற்றை ஒரே கட்டத்தில் வைத்துவிடலாம் என்றார் ஃபிரெடெரிக் சாடி. 1913-ல் அதற்கு 'ஐசோடோப்பு' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்று பொருள். அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். தமிழில் 'ஓரிடத்தான்' என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் 'சமதானி'. மூலச் சொல்லின் பொருளை அப்படியே தாங்கி நிற்கும் சொற்கள் இவை. நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1932-ல்தான். அதாவது, வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று தெரிவதற்கு 19 ஆண்டு முன்பே பெயர் வந்துவிட்டது.

சரி, ஏன் பிரியவில்லை?

ஓர் அணுவுக்கு இரண்டு பகுதி. நடுவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடங்கிய கரு. சுற்றிலும் எலக்ட்ரான்கள். அணுவின் குறுக்களவில் கரு லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் எடை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஓர் அணு இன்னோர் அணுவோடு சேருவது, பிரிவது, எலக்ட்ரானைக் கொடுப்பது, வாங்குவது என வேதியியல் எல்லாமே வெளியில் உள்ள எலக்ட்ரான்களின் வேலை. எலக்ட்ரான்கள் எத்தனை, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஈயம்-210 என்பதில் உள்ள எண், கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம். ஐசோடோப்புகளுக்குள் மாறுவது நியூட்ரான் எண்ணிக்கை மட்டுமே. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. கருவுக்குள் ஒன்றிரண்டு நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் வெளியே உள்ள எலக்ட்ரான்களுக்கு அது ஏறக்குறைய தெரியவே தெரியாது.

இதன் விளைவை நம் கழுத்திலேயே பார்க்கலாம். தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். இயற்கையில் கிடைக்கும் அயோடின் முழுவதும் அயோடின்-127. அணு உலைகளில் உண்டாகும் அயோடின்-131 கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 8 நாள். இரண்டுக்கும் தைராய்டு வித்தியாசம் பார்ப்பதில்லை, எது வந்தாலும் சேர்த்துவைக்கும். அதனால்தான் தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 மருந்தாகிறது. அணு உலை விபத்தில் அதே அயோடின்-131 ஆபத்தாவதும் அதனால்தான். விபத்து நடந்த உடனே பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுப்பதும் இதே காரணத்தால்: சாதாரண அயோடினால் சுரப்பியை முதலிலேயே நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடினுக்கு உள்ளே இடம் இருக்காது. மருந்து, ஆபத்து, தற்காப்பு மூன்றும் ஒரே உண்மையில் நிற்கின்றன.

பள்ளிப் பாடம் இங்கேதான் ஒரு வரியைச் சொல்லி முடித்துவிடுகிறது: ஐசோடோப்புகளின் வேதிப்பண்புகள் ஒன்றே, இயற்பண்புகள் வேறு. தொடக்கத்துக்கு நல்ல வரிதான். ஆனால் அதை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டால் இந்தத் துறையின் சுவையான பகுதி மொத்தமும் கைநழுவிவிடும். ஓர் ஐசோடோப்பு என்ன வினை புரியும் என்பது மாறாது. அந்த வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது மாறும். எந்த அளவுக்கு மாறும் என்பது எடை எத்தனை மடங்கு கூடியது என்பதைப் பொறுத்தது. கருவின் குணங்களை எடுத்துக்கொண்டாலோ, ஓர் ஐசோடோப்பை வைத்து இன்னொன்றைப் பற்றி எதையும் ஊகிக்கவே முடியாது. எடை, வேகம், கரு என்ற இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எடையை முதலில் பார்ப்போம். யுரேனியம்-235-க்கும் 238-க்கும் எடை வித்தியாசம் 1.3 சதவீதம். கார்பன்-12-க்கும் 13-க்கும் 8 சதவீதம். சாதாரண ஹைட்ரஜனுக்கும், ஒரு நியூட்ரான் கூடிய ஹைட்ரஜனான டியூட்டிரியத்துக்கும்? நேர் இரண்டு மடங்கு. இரண்டு நியூட்ரான் கூடிய டிரிட்டியம் மூன்று மடங்கு. வேறு எந்தத் தனிமத்திலும் இப்படி ஒரு தாவல் கிடையாது. ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளுக்கு மட்டும் தனித்தனிப் பெயரும் குறியீடும் நிலைத்துவிட்டதற்கு இதுவே போதுமான நியாயம்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாதாரண பனிக்கட்டியைப் போடுகிறீர்கள், மிதக்கிறது. இன்னொன்றில் கனநீரை உறையவைத்த கட்டியைப் போடுகிறீர்கள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெளிந்த பனிக்கட்டிதான். கனநீரில் ஹைட்ரஜனின் இடத்தில் டியூட்டிரியம் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. கனநீர் உறைவது 3.8 டிகிரி செல்சியஸில், கொதிப்பது 101.4 டிகிரியில். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில் உச்சத்தைத் தொடும் என்று படித்திருப்போம். கனநீருக்கு அது 11 டிகிரியைத் தாண்டி நிகழ்கிறது. பாகுத்தன்மையும் கால் பங்கு கூடுதல்.

எடை கூடியதால் கனநீர் அடர்த்தி மிகுந்ததாக இருக்கிறது என்பது எளிதில் புரிகிறது. ஒரு மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் இடத்தை எலக்ட்ரான்கள் தீர்மானிக்கின்றன, அது மாறவில்லை. உள்ளே உள்ள எடை மட்டும் 18-லிருந்து 20 ஆனது. ஈயத்திலும் இதையே பார்த்திருக்கிறார்கள். 1914-ல் தியோடோர் ரிச்சர்ட்ஸ் யுரேனியத் தாதுக்களிலிருந்து எடுத்த ஈயத்தின் அணு எடையை அளந்தபோது, சாதாரண ஈயத்தின் 207.2-ஐவிட அது தெளிவாகக் குறைவாக, 206-க்கும் 207-க்கும் இடையே வந்தது. அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைந்தது. அணு அடைக்கும் இடம் மாறவில்லை.

ஆனால் உறைநிலையும் கொதிநிலையும் ஏன் மாற வேண்டும்? எடை கூடியதால்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அந்தப் பதில் சரியில்லை என்று காட்ட அழகான சோதனை ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜனை மாற்றாமல், ஆக்சிஜன்-16-க்குப் பதிலாக ஆக்சிஜன்-18 வைத்து நீரை உண்டாக்கலாம். அதன் மூலக்கூறு எடையும் 20தான், கனநீரின் எடையேதான். அடர்த்தியும் கனநீரை ஒட்டியே இருக்கிறது. ஆனால் கொதிப்பது 100 டிகிரிக்குச் சற்று மேலே, உறைவது பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, அதாவது சாதாரண நீரிலிருந்து விலகவே இல்லை என்று சொல்லும்படி! எடை ஒன்றே, நடத்தை வேறு. ஆக, மொத்த எடை முக்கியமில்லை. எந்த அணு கனமானது என்பதுதான் முக்கியம்.

இதற்கு விடை குவாண்டம் இயற்பியலில் இருக்கிறது. இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பை ஒரு சுருள்வில் என்று நினைத்துக்கொள்ளலாம். வில்லின் விறைப்பை எலக்ட்ரான்கள் தீர்மானிக்கின்றன. ஐசோடோப்பு மாறினால் அது மாறாது. வில்லின் நுனியில் தொங்கும் எடை மாறுகிறது. எடை கூடினால் அதிர்வு மெதுவாகும். இதுவரை பழைய இயற்பியல். புதியது என்னவென்றால், எவ்வளவு குளிரவைத்தாலும் இந்த அதிர்வு முழுதாக நிற்காது. மிச்சமாக ஒரு துளி ஆற்றல் இருந்துகொண்டே இருக்கும். பூஜ்ஜிய நிலை ஆற்றல் என்று அதற்குப் பெயர். வேகமாக அதிரும் லேசான அணுவுக்கு அது அதிகம். கனமான அணுவுக்குக் குறைவு. ஒரே பள்ளத்தில் ஹைட்ரஜன் கொஞ்சம் மேலே நிற்கிறது, டியூட்டிரியம் கொஞ்சம் கீழே நிற்கிறது என்று சொல்லலாம். பள்ளத்திலிருந்து வெளியே ஏற வேண்டுமென்றால், கீழே நிற்பவர்தான் அதிகம் ஏற வேண்டும். நீர் மூலக்கூறில் அதிகம் ஆடுவது ஹைட்ரஜன். ஆக்சிஜன் ஏற்கெனவே கனமானது, அசைவு குறைவு. அதனால்தான் ஆக்சிஜனை மாற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஹைட்ரஜனை மாற்றினால் நீரே வேறாகிறது.

நீரின் நிறம்கூட இந்த அதிர்வில்தான் இருக்கிறது. ஆழமான தண்ணீர் நீலமாகத் தெரிவதில் வானத்தின் பிரதிபலிப்புக்கும் பங்குண்டு; ஆனால் தண்ணீருக்கே மெல்லிய நீலம் உண்டு. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வு சிவப்பு ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது நீலம். கனநீரில் அதிர்வு மெதுவாகிவிடுவதால், விழுங்கப்படும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. நீண்ட குழாயில் நிரப்பிப் பார்த்தால் தண்ணீர் இளநீலமாகவும் கனநீர் நிறமே இல்லாமலும் தெரியும். சுவையிலும் வித்தியாசம் உண்டு. கனநீர் லேசாக இனிக்கும் என்று பல காலமாகப் பேச்சு இருந்தது. மனித நாவின் இனிப்பு உணர்விகளைத்தான் அது தூண்டுகிறது என்று 2021-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஒரு நியூட்ரானின் வேறுபாட்டை நாக்கு கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனி வேகத்துக்கு வருவோம். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு உடைவதுதான் ஒரு வினையின் மெதுவான படி என்றால், அந்த ஹைட்ரஜனை டியூட்டிரியமாக மாற்றியதும் வினை அறை வெப்பநிலையில் ஆறேழு மடங்கு வரை மெதுவாகலாம். லிப்பாக்சிஜனேஸ் போன்ற சில நொதிகளில் வித்தியாசம் 80 மடங்கு வரை போகிறது. அங்கே ஹைட்ரஜன் தடையை ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது, கனமான டியூட்டிரியத்துக்கு அது கடினம். கார்பன்-12-ஐ 13 ஆக்கினால் வேகம் ஒரு சில சதவீதமே குறையும். வினை என்னவோ அதே வினை, கிடைக்கும் பொருளும் அதே பொருள். வேகம்தான் வேறு.

வேகம்தானே என்று விட்டுவிட முடியாது. உயிருள்ள உடலில் ஆயிரக்கணக்கான வினைகள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் ஓடுகின்றன. எலிகளின் உடல் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனநீராகிவிட்டால் அவை பிழைப்பதில்லை. நஞ்சு எதுவும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. தாளம் தப்பியதுதான் காரணம். சில பாக்டீரியாக்களும் பாசிகளும் மட்டும் ஏறக்குறைய முழுக் கனநீரிலும் மெல்லப் பழகிக்கொள்கின்றன. ஒரு குவளை கனநீர் மனிதரை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்தாளர்கள் இதே மந்தத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கல்லீரல் ஒரு மருந்தை எந்தப் பிணைப்பில் உடைக்கிறதோ, அந்த இடத்தில் டியூட்டிரியத்தை வைத்தால் மருந்து உடலில் அதிக நேரம் தங்கும். ஹண்டிங்டன் நோயில் வரும் கட்டுப்பாடற்ற அசைவுகளுக்கான டியூடெட்ராபெனசின் 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டியூட்டிரியம் சேர்த்து அங்கே அனுமதி கிடைத்த முதல் மருந்து அதுதான்.

டியூட்டிரியத்தைக் கண்டுபிடித்ததே இந்தச் சிறு வேறுபாடுகளை நம்பித்தான். கருவின் எடை கூடினால் ஹைட்ரஜன் வெளிவிடும் ஒளியின் அலைநீளம் கொஞ்சம் நகரும். சிவப்புக் கோடு 656.28 நானோமீட்டரிலிருந்து 656.10-க்கு. வித்தியாசம் அவ்வளவு சிறியது. இயற்கையில் ஆறாயிரத்துச் சொச்சம் ஹைட்ரஜனுக்கு ஒன்றுதான் டியூட்டிரியம் என்பதால் கோடும் மிக மங்கல். ஹரால்ட் யூரி என்ன செய்தார் என்றால், திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக விட்டார். லேசானது முந்தி ஓடிவிடும், கனமானது பின்தங்கும். அடியில் மிஞ்சியதை எடுத்துப் பார்த்தபோது, 1931-ல், கணக்கிட்ட இடத்திலேயே கோடு பளிச்சென்று தெரிந்தது. 1934-ல் நோபல் பரிசு.

அதே யூரி 1947-ல் இன்னொரு கதவைத் திறந்தார். வேகம் மட்டுமல்ல, சமநிலையும் கொஞ்சம் சாய்கிறது: இரண்டு இடம் இருந்தால், கனமான ஐசோடோப்பு இறுக்கமான பிணைப்பு உள்ள இடத்தில் போய் உட்காரப் பார்க்கும். கடல்நீரில் சிப்பி ஓடு உண்டாகும்போது, ஓட்டின் கார்பனேட்டில் ஆக்சிஜன்-18 நீரைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். வெப்பம் கூடக்கூட இந்தச் சாய்வு குறையும். அப்படியென்றால், லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஓடு ஒன்றை எடுத்து அதில் ஆக்சிஜன்-18 எவ்வளவு என்று அளந்தால், அன்றைய கடலின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம்! ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 பங்குதான் மாற்றம். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானிக்கு அது போதும். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்பாளங்களிலும் இதே ஆக்சிஜன் கணக்குதான். கனமான நீர் மூலக்கூறு ஆவியாவது கடினம், மழையாகவோ பனியாகவோ விழுவது எளிது. அதனால் துருவத்தை நோக்கிப் போகும் காற்று வழியெல்லாம் கனமானதை இறக்கிவிட்டுக்கொண்டே போகிறது. குளிர் கூடிய காலத்தில் விழுந்த பனியில் ஆக்சிஜன்-18 இன்னும் குறைவு.

செடிகளும் எடை பார்க்கின்றன. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி கார்பன்-12-ஐ முந்தி எடுத்துக்கொள்கிறது. எனவே செடியிலும், செடியைத் தின்ற உயிரிலும், அவை புதைந்து உருவான நிலக்கரி, எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. நாம் எரிக்கும் எரிபொருளின் கார்பன் காற்றில் சேரச் சேர, காற்றில் கார்பன்-13-இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. கூடிவரும் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வலுவான சாட்சிகளில் இதுவும் ஒன்று. விளையாட்டு வீரரின் உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் உடலே சுரந்ததா, ஆலையில் செய்து ஏற்றியதா என்பதையும் கார்பன்-13 விகிதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். மூலக்கூறு இரண்டிலும் ஒன்றே. அதிலுள்ள கார்பன் எந்த வழியாக வந்தது என்பதுதான் வேறு.

எடை கூடக்கூட இந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகும் என்றேன். யுரேனியத்தில் அது எவ்வளவு தொல்லை கொடுத்தது என்று பாருங்கள். யுரேனியம்-235-ஐப் பிரிக்க, யுரேனியத்தை ஃபுளூரினோடு சேர்த்து வாயுவாக்குகிறார்கள். இயற்கையில் ஃபுளூரினுக்கு ஒரே ஓர் ஐசோடோப்புதான் என்பது பெரிய வசதி. எடை வித்தியாசம் முழுக்க யுரேனியத்தால் மட்டுமே வரும். மூலக்கூறு எடை 349-க்கு 352. நுண்துளைச் சுவர் வழியே லேசானது எவ்வளவு கூடுதல் வேகமாகப் போகும் என்றால், 0.43 சதவீதம் மட்டுமே. ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இரண்டாம் உலகப் போரின்போது இதற்காகவே ஒரு பிரம்மாண்டமான ஆலை எழும்பியது. அங்கேயே இன்னோர் ஆலையில் காந்தப்புலத்தால் வளைத்துப் பிரித்தார்கள்; காந்தச் சுருளுக்குச் செம்பு கிடைக்காததால் அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடனாக வாங்கினார்கள். வேதியியல் ஒன்றாக இருப்பதற்குக் கொடுத்த விலை அது.

கருவின் குணங்களுக்கு வந்தால் எடையின் விகிதமெல்லாம் பயன்படாது. ஒரு நியூட்ரான் கூடினால் எல்லாம் தலைகீழாகலாம். மெதுவாக வரும் நியூட்ரானை போரான்-10 ஆவலாக விழுங்கும். போரான்-11 ஏறக்குறைய தொடவே தொடாது. வித்தியாசம் லட்சக்கணக்கான மடங்கு. மெதுவான நியூட்ரான் பட்டால் யுரேனியம்-235 பிளக்கும், 238 பிளக்காது. 235-இன் அரை ஆயுட்காலம் 70.4 கோடி ஆண்டு. 238-க்கு 447 கோடி. கார்பன்-12-ம் 13-ம் என்றென்றும் நிலைத்திருக்கும், கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டில் பாதியாகும். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்குவதில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்குகூட டியூட்டிரியம் விழுங்காது. கனநீர் அணு உலைகளில் நியூட்ரான்களை மெதுவாக்கும் தணிப்பானாக இருப்பது இதனால்தான்.

கரு செய்யும் விந்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹீலியம். ஹீலியம் எதோடும் சேராத தனிமம். வேதியியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஹீலியம்-4-ஐக் குளிரவைத்தால், தனிப்பூஜ்ஜியத்துக்கு மேல் 2.17 கெல்வினில் அது மீப்பாய்மம் ஆகிவிடுகிறது: உராய்வே இல்லாமல் ஓடும், பாத்திரத்தின் சுவரில் மெல்லிய படலமாக ஏறி வெளியே வடியும். ஹீலியம்-3-ஐ அதே அளவு குளிரவைத்தால் ஒன்றும் நடக்காது. அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கீழே, 0.0025 கெல்வின் வரை குளிரவைத்த பிறகுதான் 1972-ல் அதில் மீப்பாய்மத்தைக் கண்டார்கள். ஹீலியம்-4-இல் துகள்களின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படை. அப்படிப்பட்ட அணுக்கள் எல்லாம் ஒரே நிலையில் கூடலாம். ஹீலியம்-3-இல் ஒற்றைப்படை, அவை ஒரே நிலையில் இரண்டு இருக்க மறுக்கும், முதலில் ஜோடி சேர வேண்டும். எடை வித்தியாசத்தால் இவ்வளவு வராது.

திடப்பொருள்களிலும் ஐசோடோப்பு கை வைக்கிறது. 1950-ல் பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளை எடுத்து, அது மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும் வெப்பநிலையை அளந்தார்கள். எடை கூடினால் அந்த வெப்பநிலை லேசாகக் குறைந்தது. மின்தடை மறைவதில் எலக்ட்ரானோடு அணுக்களின் அதிர்வும் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது நேரடித் தடயம். 1957-இல் வந்த மீக்கடத்தல் கோட்பாடு அந்தத் தடயத்தைப் பிடித்துத்தான் எழுந்தது. கார்பன்-12 மட்டுமே கொண்ட வைரம் சாதாரண வைரத்தைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக வெப்பத்தைக் கடத்துகிறது, நூற்றுக்கு ஒன்றாக ஊடே இருந்த கார்பன்-13 அணுக்கள் இல்லாமல் போனதால் மட்டுமே.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். நியூட்ரான் இருப்பது எலக்ட்ரானுக்குத் தெரியாது என்றேன். யுரேனியம் போன்ற கனமான அணுக்களில் அது கொஞ்சம் தெரிகிறது. நியூட்ரான் கூடினால் கரு கொஞ்சம் பருக்கும். கருவுக்குள்ளேயே சிறிது நேரம் இருந்துபோகும் எலக்ட்ரான்களின் ஆற்றல் அதனால் மாறும். யுரேனிய ஐசோடோப்புகள் வேதிவினையில் காட்டும் சிறு வேறுபாட்டில் எடையைவிடக் கருவின் அளவுக்கே பங்கு அதிகம் என்று 1996-இல் ஜேக்கப் பிகலைசன் காட்டினார்.

இவ்வளவும் சேர்ந்து நிற்கும் ஓர் இடம் ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் ஓக்லோவில் இருக்கிறது. 1972-ல் பிரான்சின் பியர்லாட் ஆலையில் அங்கிருந்து வந்த யுரேனியத்தை அளந்தபோது, 235-இன் பங்கு 0.7202 சதவீதத்துக்குப் பதிலாக 0.7171 என்று வந்தது. 0.7202 என்பது பூமியிலும் நிலவின் பாறைகளிலும் மாறாத எண். இவ்வளவு கனமான தனிமத்தில் நிலத்தடி நீரோ வேதிவினையோ இந்த விகிதத்தை அந்த அளவுக்கு மாற்றவே முடியாது. அப்படியென்றால் யுரேனியம்-235 அணுப்பிளவில் எரிந்திருக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தில் இருந்த நியோடிமியம் என்ற தனிமத்தைச் சோதித்தார்கள். இயற்கை நியோடிமியத்தில் 27 சதவீதம் நியோடிமியம்-142; ஓக்லோவில் அது 6 சதவீதத்துக்கும் கீழ். அணுப்பிளவில் உண்டாகும் நியோடிமியத்தில் 142 கிடையாது.

ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன்பு அந்தப் பாறையில் ஊறிய சாதாரண நிலத்தடி நீரே தணிப்பானாக வேலைசெய்ய, பல லட்சம் ஆண்டுகள் அணுப்பிளவு விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. இன்றைய இயற்கை யுரேனியத்தில் சாதாரண நீரை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களை விழுங்கிவிடும். அன்று நடந்தது, ஏனென்றால் அன்றைய யுரேனியத்தில் 235 மூன்று சதவீதத்துக்கும் மேல் இருந்தது. 238-ஐவிட வேகமாகச் சிதைந்து சிதைந்து, இன்று 0.72-இல் வந்து நிற்கிறது.